பிரேக்கில் பிறந்த வேகம்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்தில் பிரிக்ஸ்வொர்த் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான தேவாலயம் அந்த ஊருக்குப் பெருமை. இன்னொரு பெருமை 1980களில் வந்து சேர்ந்தது. மாரியோ இல்லியன் என்ற சுவிஸ் பொறியாளரும் பால் மார்கன் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து நடத்திய இல்மோர் என்ற என்ஜின் பட்டறை அது. 1998-ல் மிக்கா ஹாக்கினென் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனபோது, அவருடைய மெக்லாரன் காரில் மெர்சிடிஸ் என்ற பெயரோடு முழங்கியது அங்கே செய்த என்ஜின்தான். அதே காலத்தில் இல்லியனின் கவனம் என்ஜினைத் தாண்டி பிரேக் பக்கம் போயிருந்தது.

மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்து வரும் பந்தயக் கார், கொண்டை ஊசி வளைவைக் கண்டதும் சில விநாடிகளில் 80-க்கு இறங்கிவிடும். பிரேக்கின் கார்பன் தட்டுகள் ஆயிரம் டிகிரி வரை காய்ந்து செக்கச் சிவக்கும். டி.வி.யில் பார்க்க அது அழகுதான். கணக்குப் போடுகிறவர் கண்ணுக்கு அது நஷ்டம். சற்றுமுன் பெட்ரோலாக இருந்தது வேகமாக மாறி, வேகமாக இருந்தது சூடாக மாறி, காசெல்லாம் காற்றில் போகிறது. ஒரு சுற்றில் பத்து இடத்தில் இப்படி நடக்கும். இல்லியன் யோசித்த வழி எளிமையானது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு திரவத்தை அழுத்தி அடைத்துவைப்பது. நேர்பாதை வந்ததும் அந்த அழுத்தத்தைத் திறந்துவிட்டு, வேகத்தை மறுபடி சக்கரத்துக்கே கொடுப்பது.

அந்தக் கருவி ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. ஓடும் முன்பே உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தடை போட்டது. காரில் சேமித்துவைத்து எடுக்கும் ஆற்றலில், 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வீதத்தில் எடுக்கக்கூடியது வெறும் 20 கிலோஜூலைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் காலத்து விதிப்புத்தகத்தின் வாசகம். 2 கிலோவாட் என்பது குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரின் அளவு. எண்ணூறு குதிரைத்திறன் காருக்கு அதை வைத்து என்ன செய்ய முடியும்? யோசனை அலமாரிக்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், 1997 டிசம்பரிலேயே ஜப்பானியக் கடைகளில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்துவிட்டது. காய்கறி வாங்கப் போகும் அந்தக் குடும்பக் கார், ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் பிடித்து பேட்டரியை நிரப்பிக்கொண்டிருந்தது. மோட்டார் தொழில்நுட்பத்தின் சிகரம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஃபார்முலா ஒன், அதே வேலையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தத் தடை நீங்கப் பத்தாண்டு ஆனது. அதை நீக்கியவரும், தடை போட்டபோது எஃப்.ஐ.ஏ.வுக்குத் தலைவராக இருந்த அதே மனிதர்தான்.

மேக்ஸ் மோஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர், பிறகு வழக்கறிஞர் ஆனவர். எந்தப் பக்கம் நின்றாலும் வாதாடி ஜெயிக்கத் தெரிந்தவர். 2006 வாக்கில் அவருக்கு ஒரு பயம் வந்தது. ஃபெராரி, மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., ரெனோ, டொயோட்டா, ஹோண்டா என்று பெரிய கம்பெனிகளெல்லாம் பந்தயத்தில் கோடிகோடியாகக் கொட்டிக்கொண்டிருந்தன. மறுபுறம் ஐரோப்பா முழுக்கப் பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு சூடு பிடித்திருந்தது. நிமிடத்துக்கு 19,000 முறை சுழன்று பெட்ரோலைக் குடிக்கும் என்ஜினுக்கு ஏன் பணம் தருகிறீர்கள் என்று ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு கேட்டுவிட்டால் போதும், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றுகொள்ளும். இயற்கை மீது மோஸ்லிக்கு எவ்வளவு பாசம் இருந்ததோ தெரியாது, கடை காலியாகிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு நிச்சயம் இருந்தது.

அவர் போட்ட திட்டத்தில் இரண்டு பாதி. என்ஜின் வளர்ச்சியை 2007 முதல் உறைய வைத்தார். அதை நோண்டிச் செலவு செய்யக் கூடாது. அங்கே மிச்சமாகும் மூளையையும் பணத்தையும் பிரேக் ஆற்றலை மீட்பதில் போடட்டும் என்றார். 2009 விதிகளில் அதற்கு இடம் வந்தது. கெர்ஸ் என்று அதற்குப் பெயர் விழுந்தது. 60 கிலோவாட் திறன், சுற்றுக்கு 400 கிலோஜூல். கணக்குப் பார்த்தால் எண்பது குதிரைத்திறன் சுற்றுக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் விநாடிக்குக் கிடைக்கும். ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வைத்துக்கொள்வதும் விடுவதும் அணியின் விருப்பம்.

அதே ஆண்டு விதிகளில் இன்னொரு கூட்டம் இன்னொரு வேலை செய்துகொண்டிருந்தது. கார்கள் ஒன்றை ஒன்று முந்தவே முடிவதில்லை என்று ரசிகர்கள் சலித்துப்போயிருந்தார்கள். மெக்லாரனின் பேடி லோவ், ஃபெராரியின் ரோரி பைர்ன், ரெனோவின் பேட் சிமண்ட்ஸ் மூவரையும் உட்காரவைத்து, முந்துவதற்கு வழி காணச் சொன்னது எஃப்.ஐ.ஏ. காற்று காரைத் தரையோடு அமுக்கும் விசையைப் பெரிதும் குறைக்கும் வடிவத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். முன்னிறக்கை அகலமாயிற்று, பின்னிறக்கை ஒடுங்கி உயர்ந்தது, வரிப்பள்ளம் இல்லாத வழுவழு டயர்கள் திரும்பி வந்தன. ஆக, பந்தயம் பசுமையாகவும் ஆக வேண்டும், போட்டி சூடாகவும் ஆக வேண்டும் என்று இரண்டு ஆசைகள் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டன. அவை இரண்டும் ஒத்துப்போகுமா என்று யாரும் யோசிக்கும் முன் 2008 ஜூலை வந்தது.

முதலில் மில்டன் கீன்ஸில் ரெட் புல் தொழிற்சாலையில் கெர்ஸ் பேட்டரி ஒன்று சோதனையின்போது புகைந்து, கட்டடத்தைக் காலிசெய்து தீயணைப்பு வண்டியை அழைக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் ஸ்பெயினின் ஹெரஸ் ஓடுதளத்தில் பி.எம்.டபிள்யூ.வின் சோதனைக் கார் பிட்டுக்குத் திரும்பி வந்து நின்றது. ஒரு மெக்கானிக் காரைத் தள்ள ஓடிவந்து கை வைத்தார். வைத்த வேகத்தில் தூக்கி எறியப்பட்டுத் தரையில் விழுந்தார். படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராக்களில் அது பதிவாகி உலகம் முழுக்கச் சுற்றியது. நல்லவேளை, பெரிய காயமில்லை. ஆனால் மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் தங்கள் கார்களைப் பார்த்த பார்வை அன்றோடு மாறிப்போனது.

பி.எம்.டபிள்யூ. சோதனையை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் துருவியது. கெர்ஸின் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து கசிந்த உயர் அதிர்வெண் மின்சாரம், ஸ்டீயரிங்குக்கும் காரின் பக்கவாட்டு உடலுக்கும் இடையே ஏறி நின்றிருந்தது. யாரும் எதிர்பார்க்காத வழி அது. அன்றிலிருந்து பிட் சிப்பந்திகளின் கைகளில் மின்காப்பு உறைகள் ஏறின. இவ்வளவுக்குப் பிறகும் பி.எம்.டபிள்யூ. பின்வாங்கவில்லை. அதன் பந்தயத் தலைவர் மாரியோ தைசன் கெர்ஸுக்காக வாதாடிக்கொண்டே இருந்தார். செலவைக் காட்டி ஒத்திப்போடலாம் என்று மற்றவர்கள் முனகியபோது முடியவே முடியாது என்று நின்ற அணி அது. சாலையில் விற்கும் தன் கார்களுக்கும் இந்த வித்தை உதவும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் புரட்டிப்போட அதே ஆண்டின் இலையுதிர் காலம் வந்தது.

2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கிகள் சரிந்தன. கார் விற்பனை படுத்தது. டிசம்பர் 5-ம் தேதி ஹோண்டா, ஃபார்முலா ஒன்னிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அப்போது அதனிடம் 2009-க்கான கார் ஏறக்குறைய தயார் நிலையில் இருந்தது. கெர்ஸ் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. கடைசி நேரத்தில் அணியை மேலாளர் ராஸ் ப்ரான் பெயரளவுத் தொகைக்கு எடுத்துக்கொண்டார். ஹோண்டா என்ஜின் போயிற்று. பதிலுக்கு பிரிக்ஸ்வொர்த்திலிருந்து மெர்சிடிஸ் என்ஜின் வந்தது. அதை நுழைக்கக் காரின் பின்பக்கத்தை அறுத்து ஒட்ட வேண்டியிருந்தது. கெர்ஸ் பொருத்த நேரமும் இல்லை, காசும் இல்லை. வெள்ளைக் காரில் விளம்பரம்கூட அதிகமில்லை. அந்த ஏழைக் கார் மார்ச் மாதம் மெல்போர்னில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது.

எதிரில் நின்றவர்களோ கெர்ஸ் சுமந்து வந்த ஃபெராரியும் மெக்லாரனும். சுமந்து என்பது சும்மா சொல்வதல்ல. அந்தக் கருவி முப்பது கிலோ அளவுக்குக் கனத்தது. ஓட்டுநரோடு சேர்த்து 605 கிலோ என்பது குறைந்தபட்ச எடை. அணிகள் காரை அதற்கும் கீழே இளைக்கச் செய்து, மிச்ச எடையை உலோகக் கட்டிகளாகத் தங்களுக்குத் தோதான இடத்தில் வைப்பது வழக்கம். கெர்ஸ் அந்த வசதியைத் தின்றுவிட்டது. உயரமான ராபர்ட் குபிட்சாவுக்குக் கட்டி வைக்க எடையே மிச்சமில்லை. கெர்ஸுக்காக ஊரெல்லாம் சண்டை போட்ட பி.எம்.டபிள்யூ., முதல் பந்தயத்தில் நிக் ஹெய்ட்ஃபெல்டின் காரில் மட்டும் அதை வைத்து, குபிட்சாவை அது இல்லாமல் அனுப்பியது. குபிட்சா வெற்றிக்குப் போராடினார். ஹெய்ட்ஃபெல்ட் பின்னால் எங்கோ இருந்தார்.

அடுத்த வாரம் மலேசியாவில் பயிற்சி ஓட்டத்தின்போது கிமி ரைக்கொனனின் ஃபெராரிக்குள் புகை கிளம்பியது. ரெனோ கெர்ஸைக் கழற்றிவைத்தது. பி.எம்.டபிள்யூ.வும் கழற்றியது. முந்துவதை எளிதாக்க மூன்று பொறியாளர்கள் எழுதிய வடிவ விதிகளில் ஓட்டை கண்டுபிடித்த ப்ரான், டொயோட்டா, வில்லியம்ஸ் அணிகள் இரட்டை டிஃப்யூசர் என்ற பின்பக்க வித்தையால் இழந்த அமுக்கு விசையைத் திருப்பி எடுத்துக்கொண்டன. ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயத்தில் ஆறை வென்றார். பாதி ஆண்டு கடந்தும் கெர்ஸ் கார் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. காசைக் கரியாக்கிய கருவி என்று அதை எல்லாரும் ஒதுக்கித் தள்ளிய நேரத்தில் ஹங்கேரி வந்தது.

2009 ஜூலை 26. லூயிஸ் ஹாமில்டனின் மெக்லாரன் நான்காம் இடத்தில் புறப்பட்டு முதலாவதாக முடித்தது. கருவியும் பிரிக்ஸ்வொர்த்தில் பிறந்ததுதான். ஃபார்முலா ஒன் வரலாற்றில் பிரேக்கில் மீட்ட ஆற்றலோடு ஓடிய கார் பெற்ற முதல் வெற்றி அது. இத்தனை காலம் கெர்ஸுக்காகத் தொண்டை கிழியப் பேசிய பி.எம்.டபிள்யூ.வுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மூன்றே நாளில், ஜூலை 29-ம் தேதி, மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ. நிருபர்களைக் கூட்டியது. ஃபார்முலா ஒன்னை விட்டுப் போகிறோம் என்றது.

ஒரு மாதம் கழித்து பெல்ஜியத்தில் பொத்தானின் முழு அர்த்தமும் வெளிப்பட்டது. விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா காரில் ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா முதலிடத்தில் புறப்பட்டார். கடைசி வரிசைகளில் காய்ந்துகொண்டிருந்த அணிக்கு அது நம்ப முடியாத இடம். பாதுகாப்புக் கார் விலகியதும் நீண்ட மேட்டுப் பாதையில் ரைக்கொனன் கெர்ஸ் பொத்தானை அழுத்தி அவரைத் தாண்டினார். மீதிப் பந்தயம் முழுக்க ஃபிசிகெல்லா அவர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். வேகம் இருந்தும் தாண்ட வழியில்லை. ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக முடித்தார். இந்திய அணியின் முதல் வெற்றி அந்த ஆறே முக்கால் விநாடியில் கைநழுவியது என்றால் மிகையில்லை.

செப்டம்பரில் சிங்கப்பூரிலும் ஹாமில்டன் வென்றார். பதினேழு பந்தயத்தில் மூன்று. அவ்வளவுதான் கெர்ஸின் முதலாண்டு வரவு. சாம்பியன் பட்டமோ கெர்ஸ் இல்லாத ப்ரான் காருக்கு. 2010-ல் யாரும் கெர்ஸ் வைப்பதில்லை என்று அணிகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. விதிப்புத்தகத்தில் அனுமதி அப்படியே இருக்க, கருவி மட்டும் காணாமல் போனது. மோஸ்லியும் பதவியிலிருந்து இறங்கியிருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி வில்லியம்ஸ் அணியின் கதையைச் சொல்ல வேண்டும், அது அவ்வளவு சுவையானது. எல்லாரும் பேட்டரியைப் பிடித்துக்கொண்டபோது வில்லியம்ஸ் மட்டும் சுழலும் சக்கரத்தை நம்பியது. பிரேக் ஆற்றலால் ஒரு உருளையை நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலவிட்டு, அந்தச் சுழற்சியிலிருந்தே மின்சாரத்தைத் திருப்பி எடுப்பது. அந்த உருளையின் மூலம் எங்கே தெரியுமா? யுரென்கோ. அணு உலைகளுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டும் நிறுவனம். மையவிலக்கு எந்திரங்களுக்காக அங்கே கற்ற வித்தைதான் பந்தயப் பட்டறைக்கு வந்தது. வில்லியம்ஸ் காரில் அதை வைக்க இடம் போதவில்லை. ஃபார்முலா ஒன்னில் ஒரு பந்தயம்கூட அது ஓடவில்லை. ஆனால் 2012-ல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற ஆடி நிறுவனத்தின் காருக்குள் சுழன்றது வில்லியம்ஸ் உருளைதான். லெ மானில் ஹைப்ரிட் கார் வென்றது அதுவே முதல் முறை. பிறகு அந்தத் தொழிலை ஜி.கே.என். நிறுவனம் வாங்கியது, உருளை லண்டன் பேருந்துகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடி நிறுவனமோ இந்த ருசியை மறக்கவில்லை.

2011-ல் கெர்ஸ் திரும்பியது. குறைந்தபட்ச எடையை 640 கிலோவாக உயர்த்தி, கனமான ஓட்டுநர்களின் குறையைத் தீர்த்திருந்தார்கள். அப்போதுதான் பழைய முரண் வெளியே வந்தது. எல்லார் கையிலும் அதே பொத்தான். எல்லாரும் அதே நேர்பாதையில் அழுத்துகிறார்கள். முந்துகிறவருக்குக் கிடைப்பது தடுக்கிறவருக்கும் கிடைத்தால் முந்துவது எப்படி? அதற்காகவே அந்த ஆண்டு டி.ஆர்.எஸ். வந்தது. முன்னால் போகும் காரை ஒரு விநாடிக்குள் நெருங்கியவர் மட்டும், தன் பின்னிறக்கையின் ஒரு பலகையைத் திறந்து காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்ளலாம். 2010 அபுதாபியில் பெர்னாண்டோ அலோன்சோ, விடாலி பெட்ரோவின் காரைத் தாண்ட முடியாமல் பட்டத்தை இழந்த காட்சிதான் டி.ஆர்.எஸ்.ஸைப் பெற்றது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஜூனிலேயே அந்த விதி முடிவாகிவிட்டது.

காசில்லாத அணிகளுக்குப் பொத்தான் இல்லை. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2011 அக்டோபரில் நொய்டா பக்கத்து புத் ஓடுதளத்தில், முதல் இந்திய கிராண்ட் பிரீயில் ஓட்டிய எச்.ஆர்.டி. காரில் கெர்ஸ் கிடையாது. முன்வரிசைக் கார்கள் சுற்றுக்குச் சுற்று எண்பது குதிரைகளைக் கூடுதலாக அவிழ்த்துவிட, அவர் பெட்ரோலை மட்டும் நம்பி ஓட்டி முடித்தார். பசுமை விதிகள் பணக்கார விதிகளாகவும் இருந்தன என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு.

இதற்கிடையில் பெரிய சூதாட்டம் ஒன்று மேசைக்கு வந்திருந்தது. மோஸ்லிக்குப் பின் தலைவரான ஜான் டோட் காலத்தில், 2013 முதல் நான்கு சிலிண்டர் 1.6 லிட்டர் டர்போ என்ஜின் என்று 2010 டிசம்பரில் முடிவு செய்தார்கள். கூடவே பல மடங்கு பெரிய ஆற்றல் மீட்பு. ஃபெராரி கொதித்தது, பன்னிரண்டு சிலிண்டர் காரை விற்கிற வீட்டில் நான்கு சிலிண்டரா? ரெனோ எதிர்ப்பக்கம் நின்றது. புது என்ஜின் வராவிட்டால் நாங்கள் எதற்கு என்றது. பந்தயத்தின் வணிக முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டனுக்குச் சத்தம் போய்விடுமே என்ற கவலை. இழுத்துப் பறித்து 2011 ஜூனில் ஒரு சமரசம் பிறந்தது. சிலிண்டர் ஆறு, தொடக்கம் 2014. பிட் பாதையில் மின்சாரத்தில் மட்டுமே ஓட வேண்டும் என்றுகூட முதல் வரைவில் இருந்தது. சத்தமில்லாமல் வரும் கார் ஆளை இடித்துவிடும் என்ற பேச்சு எழ, அது கைவிடப்பட்டது.

இறுதியில் நின்ற விதி கடுமையானது. பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள். முன்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரித்தார்கள். மணிக்கு 100 கிலோ வீதத்துக்கு மேல் ஒரு கணமும் பாயக் கூடாது. பிரேக் ஆற்றலை மீட்கும் மோட்டாரின் திறன் இரட்டிப்பாகி 120 கிலோவாட் ஆனது. அதற்கும் மேல் ஒரு புதுமை இருந்தது. புகைக்குழாயில் வெளியேறும் சூட்டிலிருந்தே, டர்போவின் அச்சில் பொருத்திய ஒரு மோட்டார் மின்சாரம் கறக்கும். எம்.ஜி.யூ-எச் என்று அதற்குப் பெயர். நிமிடத்துக்கு 1,25,000 சுழற்சி வரை போகும் அரக்கன். அந்த அரக்கனை அடக்கியவர்களுக்கே எதிர்காலம் என்பது 2014 ஜனவரியில் தெரிந்துபோனது.

ஹெரஸில் முதல் சோதனை. நான்கு முறை தொடர்ந்து சாம்பியனான ரெட் புல், ரெனோ என்ஜினோடு வந்து நான்கு நாளில் மொத்தம் 21 சுற்றுதான் ஓட முடிந்தது. மெர்சிடிஸ் முந்நூறு சுற்றுக்கு மேல் ஓடியது. பிரிக்ஸ்வொர்த்தில் ஆண்டி கவெல் தலைமையிலான பொறியாளர்கள் டர்போவை இரண்டாகப் பிரித்து, காற்றை அமுக்கும் பகுதியை என்ஜினின் முன்னாலும் சூட்டில் சுழலும் பகுதியைப் பின்னாலும் வைத்து, நடுவில் நீண்ட அச்சில் அரக்கனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். மார்ச்சில் மெல்போர்னில் நிக்கோ ராஸ்பெர்க் வென்றார். சொந்த நாட்டு ரசிகர்கள் முன் இரண்டாவதாக வந்து மேடையேறிய டேனியல் ரிக்கார்டோவின் பரிசோ அன்றிரவே பறிபோனது. எரிபொருள் பாயும் வீதம் எல்லையைத் தாண்டியதாம். மேல்முறையீடும் தோற்றது.

அதைவிடப் பெரிய புகார் மைதானத்திலிருந்து வந்தது. சத்தமே இல்லை! காதைப் பொத்திக்கொண்டு பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு இந்த உறுமல் போதவில்லை. மே மாதம் பார்சிலோனாவில் மெர்சிடிஸ் காரின் புகைக்குழாயில் ஊதுகுழல் போல விரிந்த ஒரு உலோக வாயைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் பெரிதாகக் கூடவில்லை. அந்தக் குழாய் கேலிக்கு ஆளானதுதான் மிச்சம். 19 பந்தயத்தில் மெர்சிடிஸ் 16-ஐ வென்றது. 2020 வரை ஓட்டுநர் பட்டம் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. 2017-ல் பிரிக்ஸ்வொர்த்தின் சோதனை மேடையில் அந்த என்ஜின், எரிபொருளில் உள்ள ஆற்றலில் 50 சதவீதத்துக்கு மேல் உழைப்பாக மாற்றியது. சாலையில் ஓடும் பெட்ரோல் கார்கள் எட்ட முடியாத உயரம் அது. பசுமை என்ற ஆசை நிறைவேறியது. போட்டி என்ற ஆசை செத்தே போனது.

அந்த வெற்றியே வினையானது. எம்.ஜி.யூ-எச் அவ்வளவு சிக்கல், அவ்வளவு செலவு. புதிதாக யாரும் உள்ளே வரத் துணியவில்லை. துணிந்த ஒரே கம்பெனி ஹோண்டா. 2015-ல் மெக்லாரனோடு வந்து பட்ட அவமானம் சொல்லி மாளாது. ஜப்பானிய மண்ணிலேயே, சுசூகாவில், வேகம் போதாத என்ஜின் என்று அலோன்சோ ரேடியோவில் ஏசினார். எம்.ஜி.யூ-எச் திரும்பத் திரும்ப உடைந்தது. கடைசியில் கைகொடுத்தது ஹோண்டாவின் விமான என்ஜின் பிரிவு. அதிவேகத்தில் சுழலும் அச்சுகளின் அதிர்வை அடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். என்ஜின் எழுந்து நின்றது, ரெட் புல்லோடு வெல்லத் தொடங்கியது. அப்போது, 2020 அக்டோபரில், கரியமில வாயு இல்லாத தொழில்நுட்பத்தில் கவனம் செலுத்தப் போவதாகச் சொல்லி ஹோண்டா விலகலை அறிவித்தது. 2021 டிசம்பரில் அதே என்ஜினோடு மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் உலக சாம்பியன் ஆனார்.

மறுபடி மோஸ்லியின் பழைய பயம். கம்பெனிகள் போய்விடக் கூடாது. புதியவை வர வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமம் பேச்சுக்கு வந்தது, எம்.ஜி.யூ-எச் இருந்தால் வர மாட்டோம் என்றது. மெர்சிடிஸ் தன் தங்க முட்டையைத் தானே விட்டுக்கொடுத்தது. 2022 ஆகஸ்டில் 2026-க்கான என்ஜின் விதிகள் முடிவாயின. எம்.ஜி.யூ-எச் இல்லை. எரிபொருள் முழுக்கப் புதைபடிவம் அல்லாத மூலத்திலிருந்து. மின் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்குத் தாவியது. பெட்ரோல் பக்கம் ஏறக்குறைய 400 கிலோவாட்டுக்கு இறங்கியது. அதே மாதம் வருகையை அறிவித்தது அந்தக் குழுமத்தின் ஆடி. அடுத்த ஆண்டு ரெட் புல்லோடு ஃபோர்டு சேர்ந்தது. போன ஹோண்டாவும் மனம் மாறி ஆஸ்டன் மார்ட்டினோடு திரும்பி வருவதாகச் சொன்னது. பசுமையைக் காரணம் காட்டிப் போனவர்கள், பசுமையைக் காரணம் காட்டியே வந்தார்கள்.

2026 ஃபார்முலா ஒன் காரின் திறனில் கிட்டத்தட்ட பாதி, பிரேக்கில் பிடித்த மின்சாரம். கீசர் அளவுக்குமேல் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் போட்ட அதே சரக்குதான். டி.ஆர்.எஸ். பலகையும் போயிற்று. பதிலுக்கு எல்லாக் கார்களும் நேர்பாதையில் இறக்கைகளைத் தளர்த்திக்கொள்ளலாம். முந்துவதற்கு எழுதிய விதியோ, பழைய கெர்ஸும் பழைய டி.ஆர்.எஸ்.ஸும் கல்யாணம் செய்து பெற்ற பிள்ளை. 290 கிலோமீட்டரைத் தாண்டியதும் முன்னால் போகிறவரின் மின் உந்துதல் மெல்லக் குறையும். ஒரு விநாடிக்குள் நெருங்கி வருகிறவருக்கு 337 வரை குறையாமல் கிடைக்கும். 2009-ல் ஒரே புத்தகத்தில் மோதிக்கொண்ட இரண்டு ஆசைகளையும் ஒரே பேட்டரிக்குள் அடைக்க நடந்த முயற்சி இது.

இத்தனை பாடுபட்டும் ஒரு கணக்கு மட்டும் உறுத்துகிறது. 2030-க்குள் கரியமில வாயுவை நிகரப் பூஜ்யமாக்குவோம் என்று 2019-ல் அறிவித்தபோது, ஃபார்முலா ஒன் தானே ஒரு கணக்கை வெளியிட்டது. ஆண்டு மொத்தம் 2,56,551 டன். பந்தயக் கார்களின் என்ஜின்கள் வெளியிடுவது அதில் 0.7 சதவீதம். 45 சதவீதம், கார்களையும் கருவிகளையும் கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றிப்போகும் சரக்குப் போக்குவரத்து. ஆக, இருபதாண்டுச் சண்டை முழுக்க அந்த 0.7-ஐச் சுற்றியே நடந்திருக்கிறது. 2026 அட்டவணையில் கனடா பந்தயத்தை மயாமிக்கு அடுத்ததாக மே மாதத்துக்கு மாற்றி, அட்லாண்டிக் கடலை ஒருமுறை குறைவாகக் கடக்கும்படி செய்தார்கள். அதற்குப் புது என்ஜின் எதுவும் தேவைப்படவில்லை.